நிழலுக்கு ஏற்ற செடி எது?

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் வீழ்த்தி நிற்கின்றன. கிள்ளானின் வரிசை வீடுகள் பலவற்றில் பின்புறச் சுவர் வெயிலைத் தடுக்கிறது. இத்தகைய வீடுகளிலும், பூசைக்கு நான்கு பூக்களாவது பறிக்க வேண்டும் என்ற ஆசையில் பலர் மல்லிகையும் செம்பருத்தியும் நடுகின்றனர். சில மாதங்களில் தண்டு மெலிந்து நீள்கிறது; இலை வெளிறுகிறது; மொட்டு அரும்புவதில்லை. உரத்தைக் கூட்டினாலும் பயனில்லை. குறை மண்ணில் அன்று, ஒளியில் உள்ளது.

செடிகள் ஒளிச்சேர்க்கையின்வழி உணவு தயாரிக்கின்றன. பூவும் காயும் உருவாவதற்கு மிகுதியான உணவு தேவை. ஆகவே, மல்லிகைக்கும் நம் தேசிய மலரான செம்பருத்திக்கும் நாள்தோறும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். பெரணியோ பூப்பதே இல்லை. சிதல்விதைகளால் இனம் பெருக்குகிறது. பறவைக்கூட்டுப் பெரணி நம் மழைக்காடுகளில் மரங்களின்மேல் தொற்றி வளர்கிறது. இலைகளின் இடையே கசிந்து வரும் ஒளியே அதற்குப் போதும்.

எனவே, செடி வாங்கும் முன் ஒளியைக் கவனியுங்கள். காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய வேளைகளில் அவ்விடத்தைப் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் பட்டால் நந்தியாவட்டையோ காசித்தும்பையோ நடலாம். நந்தியாவட்டை பூசைக்கும் உதவும். வெயிலே படாவிட்டால் பெரணியே சிறந்தது.

பெரணிக்கு ஈரப்பதம் தேவை. ஆனால், தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள்கள் போதும். டிங்கிக் காய்ச்சல் பரவும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதை அலட்சியப்படுத்தலாகாது. வாரம் ஒரு முறையாவது தட்டைக் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் முட்டைகள் அகலுமாறு தேய்த்துக் கழுவ வேண்டும்.

பெரணியைக் காட்டிலிருந்து பெயர்த்து வருவது முறையன்று. சுங்கை பூலோவில் நாற்றுப்பண்ணைகள் பல உள்ளன. 1930இல் அங்கு அமைக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தோர் செடி வளர்ப்பையும் பிழைப்பாகக் கொண்டனர். ஊர் ஒதுக்கிய மக்களின் உழைப்பு, ஊரார் வீட்டு வாசல்களைப் பசுமையாக்கியது.

நம் விருப்பத்திற்காகச் செடியை வாட விடலாமா? இடத்தை அறிந்து நட்டால், நிழலும் தோட்டமாகும்.