காசநோய்ச் சங்கத்தை ஆள்வோர்

இந்தியக் காசநோய்ச் சங்கம் 1939ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிறுவப்பட்டது. அதற்கு முன்பே நாட்டில் காசநோய்த் தடுப்பு நிதி இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நோயிலிருந்து மீண்டதையொட்டி 1929இல் திரட்டப்பட்ட நன்றியறிதல் நிதி ஒன்று. வைசிராயின் துணைவியாரான லின்லித்கோ சீமாட்டியார் 1937ஆம் ஆண்டின் இறுதியில் விடுத்த வேண்டுகோளின்பேரில் சேர்ந்த நிதி மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கியபோதுதான் சங்கம் பிறந்தது. நிதி திரட்டுவது ஒரு பணி. திரட்டிய நிதியை எவர் பொறுப்பில் வைப்பது, எவர் தீர்மானப்படி செலவிடுவது என்பது அதனினும் கடினமான பணி. சுவாச நோய்களுக்கென இயங்கும் அறச்சங்கங்களின் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் மருத்துவர்களையும் மருந்துகளையும் பற்றியே படிக்கின்றனர். ஆட்சிக்குழுவின் வரலாறு போதிய கவனம் பெறுவதில்லை.

இத்தகைய சங்கங்கள் பல 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டவை. அச்சட்டத்திற்கு மாற்றாகத் தமக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்ட மாநிலங்களும் உண்டு. கர்நாடகம் 1960இலும், மேற்கு வங்காளம் 1961இலும், தமிழ்நாடு 1975இலும் அவ்வாறு செய்தன. 1860ஆம் ஆண்டுச் சட்டம் மிகச் சிறியது. இருபது பிரிவுகளே கொண்டது. எழுவர் சேர்ந்தால் ஒரு சங்கம் அமைக்கலாம். ஆளுநர்கள், மன்றம், இயக்குநர்கள், குழு, அறங்காவலர்கள் என எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், விதிகளின்படி எவரிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டுள்ளதோ அவர்களே ஆட்சிக்குழு என்று 16ஆம் பிரிவு கூறுகிறது. அறங்காவலர் எவரிடமும் சொத்து ஒப்படைக்கப்படாதவிடத்து, அது அப்போதைக்கப்போது பதவியிலுள்ள ஆட்சிக்குழுவைச் சார்ந்ததாகக் கருதப்படும். ஆகவே, மருத்துவமனைக் கட்டடம், ஊடுகதிர்க் கருவி, வங்கியிலுள்ள வைப்புத்தொகை ஆகிய அனைத்திற்கும் பொறுப்பாவோர், திங்களுக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ ஒரு மேசையைச் சுற்றி அமரும் சிலரே. அவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள்.

ஊதியமில்லாப் பதவியை அலங்காரப் பதவி என்று கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. புரவலர், துணைப் புரவலர் ஆகிய பதவிகள் மதிப்பைக் குறிப்பவையே. அவற்றில் குறை காண வேண்டியதில்லை. பெரியோர் ஒருவரின் பெயர் இருந்தால் நன்கொடையாளர் நம்பிக்கை கொள்வர். ஆனால் தலைவர், கௌரவப் பொருளாளர், குழு உறுப்பினர் என்போர் அவ்வகையினர் அல்லர். வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பதும் மறுப்பதும், தணிக்கையாளரின் அறிக்கைக்கு விடையளிப்பதும், ஊதியம் பெறும் செயலாளரை அமர்த்துவதும், தேவைப்படின் நீக்குவதும் அவர்தம் கடமைகள். அன்றாட நிர்வாகத்தைச் செயலாளரிடம் விட்டுவிட்டுக் கொள்கையையும் கணக்கையும் தம் கையில் வைத்துக்கொள்ளும் குழுவே சரியாக ஆளும் குழு. நடைமுறையில் இதற்கு நேர்மாறாக, எழுதுபொருள் வாங்குவதை ஒரு மணி நேரம் விவாதித்துவிட்டு ஆண்டுக் கணக்கை ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொள்ளும் குழுக்களும் உண்டு.

மாவட்ட அளவில் வேறொரு சிக்கல் எழுகிறது. மாவட்ட ஆட்சித் தலைவரையே சங்கத்தின் தலைவராகப் பதவிவழி அமர்த்தும் முறை பலவிடங்களில் உள்ளது. இதனால் பயன் உண்டு. பள்ளிகளும் அலுவலகங்களும் ஒத்துழைக்கின்றன. எனினும் ஆட்சித் தலைவர் இடமாற்றம் பெறுந்தோறும் சங்கத்தின் தலைமையும் மாறுகிறது. முந்தைய தீர்மானம் ஏன் நிறைவேற்றப்பட்டது என்பதை அறிந்தவர் அலுவலக எழுத்தர் ஒருவரே என்ற நிலையும் ஏற்படக்கூடும். பதவிவழி உறுப்பினர்களுக்கு இணையான எண்ணிக்கையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இருப்பது இக்குறையை ஓரளவு தீர்க்கும்.

வில்லையும் கணக்கும்

ஆட்சிக்குழுவின் பொறுப்பு எத்தகையது என்பதைக் காசநோய் வில்லை தெளிவாகக் காட்டும். டென்மார்க் நாட்டு அஞ்சல் ஊழியரான ஐனார் ஹோல்போல் என்பவர் கண்ட வழி இது. அங்கு 1904ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் முதல் வில்லை வெளியாயிற்று. இந்தியாவில் வில்லை இயக்கம் 1950ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று தொடங்கியது. வில்லை அஞ்சல்தலை அன்று. அதனை ஒட்டினால் கடிதம் போகாது. வாங்குவோர் பெறுவது ஒரு சிறு வண்ணத்தாள் மட்டுமே. பள்ளி மாணவனும் அலுவலகக் கடைநிலை ஊழியரும் கொடுத்த அந்தச் சில்லறைக்குத் தனித்தனியே எவரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. எவரும் கேட்காத கணக்கைக் கேட்க வேண்டியவர்கள் ஆட்சிக்குழுவினரே. அச்சிட்ட வில்லைகள் எத்தனை, விற்றவை எத்தனை, திரும்பியவை எத்தனை என்ற மூன்று எண்களும் ஒத்துவராவிடில், அக்குறையை வெளியார் எவரும் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை.

சங்கத்தின் பணத்தைக் கையாடும் உறுப்பினரை அயலாரைப் போலவே வழக்குக்கு உட்படுத்தலாம் என்று சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறுகிறது. சந்தா மூன்று திங்களுக்கு மேல் நிலுவையிலுள்ளவர் வாக்களிக்க இயலாது என்பது 15ஆம் பிரிவு. தேர்தல் நாளன்று இப்பிரிவை நினைவுகூரும் சங்கங்கள், ஆண்டின் பிற நாட்களில் அதனை மறந்துவிடுகின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த பதினான்கு நாட்களுக்குள் ஆட்சிக்குழுவினர் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அயல்நாட்டு நன்கொடை பெறும் சங்கமாயின், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நிர்வாகப் பொறுப்பாளர்களின் ஆதார் எண்ணையும் அளிக்க வேண்டும். அந்நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டலாகாது.

படுக்கையா, வீடா?

கணக்கைவிடக் கடினமானது கொள்கை. 1946இல் வெளியான போர் குழு அறிக்கை, நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் 5 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது; படுக்கைகளோ ஏறத்தாழ 6,000 மட்டுமே. கையிலுள்ள நிதியைக் கொண்டு மலைவாசத்தலங்களில் மருத்துவ மனைகள் கட்டுவதா, நகரங்களில் நோயாளிகளை வீட்டில் வைத்தே கவனிக்கும் நிலையங்கள் அமைப்பதா? இந்தியக் காசநோய்ச் சங்கம் இரண்டையும் செய்தது. கசௌலியில் சானடோரியம் அமைத்தது. 1940இல் புது தில்லியில் காசநோய் நிலையத்தைத் தொடங்கி, ஒழுங்கமைந்த வீட்டுச் சிகிச்சை முறையை அங்கு வகுத்தது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் பணியாற்றிய டாக்டர் ஃப்ரிமொட்-மொல்லர் சங்கத்தின் மருத்துவ ஆணையராக இருந்து இம்முறையை வலியுறுத்தினார். மருத்துவரல்லாத உறுப்பினர்களுக்குக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழா நடத்தலாம். வீடு வீடாகச் செல்லும் செவிலிக்குத் திறப்பு விழா இல்லை. ஆயினும் 1956இல் சென்னையில் தொடங்கி 1959இல் முடிவு வெளியிடப்பட்ட ஆய்வு, வீட்டிலேயே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர் எனக் காட்டியது.

அதன்பின், வெற்றியே சங்கங்களுக்குச் சோதனையாயிற்று. நோய் குறைந்துவந்த நாடுகளில், சங்கம் எதற்கு என்ற வினா எழுந்தது. பிரிட்டனின் தேசியக் காசநோய்த் தடுப்புச் சங்கம் 1959இல் மார்பு மற்றும் இதயச் சங்கமாகப் பெயர் மாற்றம் பெற்றது. அமெரிக்காவில் 1904இல் தோன்றிய சங்கம் 1973இல் அமெரிக்க நுரையீரல் சங்கமாயிற்று. இந்தியாவில் நோய் அகலவில்லை. அரசின் பங்கே பெருகியது. 1962இல் தேசியக் காசநோய்த் திட்டமும், 1997இல் அதன் திருத்திய வடிவமும் வந்தன. 2020இல் அது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் எனப் பெயர் பெற்றது. மெஹ்ரோலியில் சங்கம் 1952இல் நிறுவிய மருத்துவமனை, 1991இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின்கீழ்த் தன்னாட்சி நிறுவனமாயிற்று. தாம் வளர்த்த நிறுவனத்தை அரசின் பொறுப்புக்கு விடுவதும் ஆட்சிக்குழுவின் கடமைகளுள் ஒன்றே. அதனை இழப்பாகக் கருதும் குழு, நோயாளியை மறந்து சொத்தைக் காக்கத் தொடங்கிவிடும்.

நோக்கத்தை மாற்ற விரும்பும் குழு தன் விருப்பப்படி மாற்ற இயலாது. எழுத்து வடிவிலான அறிக்கையை உறுப்பினர்களுக்குப் பத்து நாட்களுக்கு முன் அனுப்ப வேண்டும். சிறப்புக் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கினர் ஏற்க வேண்டும். ஒரு திங்கள் கழித்து இரண்டாம் கூட்டத்தில் மீண்டும் அவ்வாறே உறுதி செய்ய வேண்டும். இந்த ஒரு திங்கள் இடைவெளி, எதிர்ப்போர் தம் கருத்தை எடுத்துரைக்கக் கிடைக்கும் அவகாசம். சங்கத்தைக் கலைத்தாலும், எஞ்சிய சொத்தில் ஒரு காசும் உறுப்பினருக்குச் சேராது. அது வேறொரு சங்கத்திற்கே போகும்.

அமெரிக்கச் சங்கத்தின் முதல் தலைவரான டாக்டர் எட்வர்ட் ட்ருடோ தாமே காசநோயாளி. 1915இல் அந்நோயாலேயே இறந்தார். நம் நாட்டில், நோயிலிருந்து மீண்டவர்கள் அண்மை ஆண்டுகளில் பிற நோயாளிகளுக்கு வழிகாட்டும் பணியில் பயிற்சி பெற்று ஈடுபட்டுள்ளனர். ஆட்சிக்குழுக்களில் அவர்கள் அமர்வதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. பதிவாளருக்கு அனுப்பும் பட்டியலில் ஒவ்வோர் உறுப்பினரின் பெயரும், முகவரியும், தொழிலும் மட்டுமே கேட்கப்படுகின்றன.