ஓடைக்கு மேலே ஒரு நடைபாலம்



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நமக்கு ஒரு பயம் வந்துவிடும். கல்வராயன் மலையில் மழை கொட்டினால் அடிவாரத்து ஓடைகளில் திடீரென்று தண்ணீர் வரும். பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பி வருமா, மாசமா இருக்கிற பொண்ணை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப் போவது என்று தவிக்கிறோம். தண்ணீர் வடிந்ததும் மறந்துவிடுகிறோம். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பாடம்.

முழங்கால் தண்ணிதானே என்கிறோம்

அப்படிச் சொல்லித்தான் இறங்குகிறோம். ஆனால் வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, அதாவது அரை அடி இருந்தாலே பெரிய ஆளையும் சாய்த்துவிடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். கலங்கல் தண்ணீரில் பள்ளம் எது, பாறை எது என்று கண்ணுக்கும் தெரியாது. தலையில் சுமை, இடுப்பில் குழந்தை என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆரம்பூர் சொல்லும் பாடம்

கர்நாடகத்தில் சுள்யா பக்கத்தில் ஆரம்பூர் என்று ஒரு ஊர். நடுவே பயஸ்வினி ஆறு ஓடுகிறது. மழைக்காலத்தில் அக்கரைக்குப் போவது பெரும் பாடு. சுள்யாவில் பட்டறை வைத்திருந்த கிரீஷ் பரத்வாஜ் என்ற இன்ஜினியரிடம் ஊர்க்காரர்கள் போய்க் கேட்டார்கள். அவர் படித்தது மெக்கானிக்கல், பாலம் கட்டும் படிப்பு இல்லை. ஆனாலும் முயற்சி செய்தார். ஊர் மக்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். 1989-ல் அங்கே தொங்கு நடைபாலம் வந்தது. அதன் பிறகு பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நடைபாலங்களை அவர் கட்டினார். 2017-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊர் ஒன்றுகூடிக் கேட்டது, கை கொடுத்தது. அதே நேரம் கணக்குப் போட்டுக் கட்ட, விவரம் தெரிந்த ஒருவர் கூட இருந்தார். இரண்டும் சேர்ந்ததால்தான் பாலம் வந்தது.

நம்ம பிள்ளைங்க என்ன செய்யலாம்?

ஊரில் இளைஞர் மன்றம் இருக்கும். கல்லூரிகளில் 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்த மாணவர்கள் கிராமத்தில் 7 நாள் முகாம் போடுவார்கள். முகாம் என்றால் கோயிலைச் சுத்தம் செய்வது, மரம் நடுவது மட்டும்தானா? சேறான பாதையில் கல் பரப்பலாம். பாதையில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டலாம். இறங்கித் தாண்டுகிற சின்ன வாய்க்காலுக்குக் கைப்பிடியுடன் பலகைப்பாலம் போடலாம். பெரிய ஓடை, ஆழமான பள்ளம் என்றால் இன்ஜினியர் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

தென்னை மரத்தைக் குறுக்கே போட்டுவிட்டு பாலம் என்கிறோம். பாசி பிடித்து வழுக்கும். அடுத்த வெள்ளத்தில் அதுவும் போய்விடும். ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

1. போன பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வயதான அம்மாக்களிடம் கேளுங்கள். பாலம் அதைவிட உயரமாக இருக்க வேண்டும்.
2. தாங்கும் கட்டுமானம் இரண்டு கரையிலும் கெட்டி மண்ணில் இருக்கட்டும். ஓடை நடுவே கால் நட்டால் அடித்து வரும் மரமும் குப்பையும் அதில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் எதிர்த்து நின்று கரையை அரிக்கும்.
3. ஓடையின் அகலத்தைக் குறைக்கக் கூடாது.
4. பலகைகளுக்கு இடையே தண்ணீர் வடிய இடைவெளி வேண்டும். குழந்தையின் கால் மாட்டாத அளவு போதும்.
5. மழைக்கு முன்பும் பின்பும் ஆணி, கயிறு, பலகை எல்லாம் பார்க்க யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

பாலமே இருந்தாலும், அதன் மேல் தண்ணீர் ஓடும்போது ஏறவே கூடாது.

யாரிடம் கேட்பது?

ஓடை, பாதை எல்லாம் பொதுச் சொத்து. ஊராட்சிக்குத் தெரியாமல் எதுவும் கட்ட வேண்டாம். காட்டு நிலம் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மரம் வெட்டினால் வழக்கு வரும். மலைவாழ் சகோதரிகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி சாலை, பள்ளி, அங்கன்வாடி போன்ற 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கேட்கலாம். அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஒருத்தி மட்டும் எழுந்து பேசினால் "பார்க்கலாம்மா" என்பார்கள். பத்துக் குழுவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனால் தீர்மானத்தில் ஏறும். தீர்மான நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

* நம் ஊரில் மழைக்காலத்தில் தாண்ட முடியாத இடங்கள் எத்தனை? தினமும் யார் யார் அந்த வழியே போகிறார்கள்?
* அவற்றில் நம் பிள்ளைகளே சரிசெய்யக்கூடியது எது? அரசிடம் கேட்க வேண்டியது எது?
* வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சோறு, தண்ணீர், கருவிகள் கொடுக்க எந்தக் குழு முன்வரும்?

ஊக்குநர்கள் இந்தப் பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். மழை வந்த பிறகு அழுவதைவிட, கோடையிலேயே கேட்பது நல்லது. நம்ம பிள்ளைங்க கால் நனையாம வீடு வரணும், அவ்வளவுதான்.