நிலக்கீழ் இரயிலும் நிலத்தின் இயல்பும்

மாநகரங்களின் நிலக்கீழ் இரயில்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் நீளத்தையும் வேகத்தையும் நிலையங்களின் அழகையுமே கணக்கிடுவர். ஆயின் அறிவியல் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்நகரின் அடியில் இருப்பது எத்தகைய மண்?

உலகின் முதல் நிலக்கீழ் இரயில் 1863 சனவரி 10 அன்று இலண்டனில் ஓடத் தொடங்கியது. தெருவை வெட்டிப் பாதை அமைத்து மேலே மூடினர். நீராவி எஞ்சின்களே வண்டிகளை இழுத்தன. பின்னர் அந்நகரின் களிமண் கைகொடுத்தது. அது குடைவதற்கு எளிது. நீரை எளிதில் கசியவும் விடாது. ஆதலின் ஆழத்தில் குழாய்போலக் குடைந்து, 1890-இல் மின்சார இரயிலை ஓட்டினர்.

கொல்கத்தாவின் நிலை வேறு. கங்கை கொணர்ந்த வண்டலும் நீருமே அதன் அடித்தளம். இந்தியாவின் முதல் நிலக்கீழ் இரயில் 1984 அக்டோபர் 24 அன்று அங்கே ஓடிற்று. பெரும்பகுதி வெட்டி மூடும் முறையில் அமைந்ததே. 2019 ஆகஸ்டு இறுதியில், பௌபஜாரில் புதிய பாதையைக் குடைந்த பொறி நீர்ப்படுகை ஒன்றைத் தொட்டுவிட்டது. மண் அமிழ்ந்தது; வீடுகள் இடிந்தன; பல குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின.

நம் சென்னையிலோ மணலும் களியும் கடும்பாறையும் மாறிமாறி வருகின்றன. 2017 ஏப்ரலில் சுரங்கப் பணியின்போது அண்ணா சாலை உள்வாங்கி, ஒரு பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. அடுத்த மாதம் 14-ஆம் நாள், திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை நிலக்கீழ் வண்டி ஓடத் தொடங்கியது.

இனி, சிஞ்ச்வட்டில் வாழும் நமக்கு அருகிலுள்ள பாதையைக் காண்போம். பிம்பிரியில் ஏறினால் தூண்கள்மேல் செல்லும் வண்டி, சிவாஜி நகருக்கு முன் நிலத்துள் புகுகிறது. மாவட்ட நீதிமன்ற நிலையம் சுமார் 33 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அதற்கப்பால் முட்டா ஆற்றுக்கும் அடியில் பாதை செல்கிறது. சுவர்கேட் வரை 2024 செப்டம்பர் 29 அன்று திறக்கப்பட்டது. இங்குள்ளது ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை. குடைவது கடினம், குடைந்தபின் தாங்கி நிற்கும் வலிமை அதற்குண்டு.

ஆகவே, ஒரு நகரின் முறையை மற்றொரு நகரில் அப்படியே பெயர்த்து வைத்தல் இயலாது. நண்பர்களே, நம்மில் சிலர் நாளை இத்தகைய பணிகளில் அமர்வோம். துளையிட்டு மண்ணைச் சோதிக்கும் செலவைக் குறைக்கச் சொல்வோர் அன்றும் இருப்பர். அப்போது, சுரங்கத்தின் மேலே உறங்கும் குடும்பத்தை நாம் மறவாதிருப்போமாக!