மாவு பிசையும்போதே மொழிப் பாடம்



"பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கென்ன தெரியும்? நான் என்ன பள்ளிக்கூடம் போனவளா?" குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இப்படிச் சொல்கிற சகோதரிகளுக்காகத்தான் இந்த மாதப் பாடம். இத்தாலி நாட்டு அடுப்படிக்குப் போய், அங்கே தாய்மாரும் பாட்டிமாரும் சமையல் வழியாகப் பிள்ளைகளுக்கு மொழியையும் ஊர் வழக்கத்தையும் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவோம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

சேமியா பாக்கெட்டில் ஒரு இத்தாலிச் சொல்

கடையில் வாங்கும் சேமியா பாக்கெட்டில் 'வெர்மிசெல்லி' என்று போட்டிருப்பதைப் பிள்ளைகள் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். அது இத்தாலிச் சொல். 'குட்டிப் புழுக்கள்' என்று அர்த்தம்! சிரிப்பு வருகிறதா? அங்கே பிள்ளைகளும் அப்படித்தான் சிரிப்பார்கள். சிரித்துக் கற்ற சொல் மறக்குமா?

கோதுமை மாவில் செய்யும் இந்த வகைப் பண்டத்துக்குப் பொதுப்பெயர் பாஸ்தா. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர். 'ஃபர்ஃபாலே' என்றால் வண்ணத்துப்பூச்சிகள். 'ஒரெக்கியெத்தே' என்றால் சின்னக் காதுகள். 'ஸ்தெல்லா' என்றால் நட்சத்திரம், 'ஸ்தெல்லினா' குட்டி நட்சத்திரம், 'ஸ்தெல்லினே' குட்டி நட்சத்திரங்கள். ஒருமை, பன்மை, செல்லப் பெயர் மூன்றும் ஒரு கிண்ணம் சூப்பிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடும். இலக்கணம் என்று யாரும் பயமுறுத்தவில்லை.

பாட்டியின் வகுப்பு

இத்தாலியில் பாட்டியை 'நோன்னா' என்பார்கள். வடக்கே எமிலியா-ரோமாஞ்ஞா பகுதியில் நோன்னா பாஸ்தா செய்ய உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் நிற்பார்கள். கணக்கு எளிது: ஒரு ஆளுக்கு 100 கிராம் மாவு, ஒரு முட்டை. நாலு பேருக்கு எத்தனை? பிள்ளை 'ஊனோ, தூவே, த்ரே, குவாத்ரோ' என்று முட்டையை எண்ணி எடுத்து வைக்கும். ஒரு முட்டை 'உவோவோ', பல முட்டை 'உவோவா'. விதிக்குப் பொருந்தாத சொல் இது. ஆனாலும் கையில் எடுத்து எண்ணிய பிள்ளைக்குத் தப்பு வராது.

மாவைப் பலகையில் குவித்து நடுவில் குழி பண்ணி முட்டையை ஊற்றுவார்கள். அந்தக் குழிக்கு 'ஃபொன்தானா', அதாவது ஊற்று என்று பெயர். பத்து நிமிஷம் நன்றாகப் பிசைந்து, மூடி வைத்து, அரை மணி நேரம் விட வேண்டும். அந்த அரை மணியில் வருவதுதான் குடும்பக் கதை. யார் கல்யாணத்தில் என்ன சமைத்தார்கள், பஞ்ச காலத்தில் எதைச் சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

தெற்கே வேறு பழக்கம். பூலியா பகுதியில் முட்டை சேர்க்காமல், கெட்டிக் கோதுமை ரவையையும் தண்ணீரையும் சேர்த்துப் பிசைவார்கள். ஏழைக் குடும்பங்களில் முட்டைக்கு எங்கே போவது? பாரி நகரின் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் மேஜை போட்டு, கத்தியாலும் கட்டைவிரலாலும் 'சின்னக் காதுகள்' செய்து விற்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளை தன் ஊரின் மண்ணையும் வறுமையையும் உழைப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

சாப்பிடும்போதும் பாடம் உண்டு. தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்கு 'ஸ்கார்பெத்தா', அதாவது குட்டிச் செருப்பு என்று பெயர். உணவை வீணாக்காதே என்பதை இப்படி விளையாட்டாகச் சொல்லித் தருகிறார்கள்.

பெண்களின் கடிதங்களால் வளர்ந்த புத்தகம்

இத்தாலி ஒரே நாடாக ஆனது 1861-இல். அப்போது பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பேச்சு. 1891-இல் பெல்லெக்ரீனோ அர்தூசி என்பவர் தன் சொந்தப் பணத்தில் ஒரு சமையல் புத்தகம் அச்சிட்டார். பல ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுப் பக்குவத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். 475 குறிப்புகளோடு தொடங்கிய புத்தகம் 790 குறிப்புகளாக வளர்ந்தது. வேறு வேறு பேச்சு பேசிய வீடுகளில், பொதுவான இத்தாலி மொழி பரவ இந்தப் புத்தகமும் உதவியது. 1911-இல் அர்தூசி இறந்தபோது புத்தக வருமான உரிமையைத் தன் வீட்டில் சமைத்த இருவருக்கு எழுதி வைத்தார். அவர்களில் ஒருவர் மரியெத்தா என்ற பெண்.

பள்ளிக்குள் சமையலறை

ரெஜ்ஜோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்று ஒரு கிராமம். 1945-இல் போர் முடிந்ததும், விட்டுப்போன ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் ஊர் மக்களே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். இதில் பெண்கள் முன்னே நின்றார்கள். அங்கிருந்து வளர்ந்த பள்ளிகள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அந்தப் பள்ளிகளில் சமையலறை ஒதுக்குப்புறத்தில் இல்லை. சமைப்பவரும் பிள்ளைகளை வளர்க்கும் குழுவில் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

பேசாவிட்டால் போய்விடும்

1876-இலிருந்து நூறு ஆண்டுகளில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் பிழைப்புக்காக வெளிநாடு போனார்கள். போன இடத்தில் பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் காலத்திலேயே மொழி மறந்துபோனது. ஆனால் 'நோன்னா' என்ற சொல்லும் பண்டங்களின் பெயரும் பாட்டியின் கைப்பக்குவமும் தங்கின. இன்று வெளிநாட்டில் பிள்ளைக்கு இத்தாலி மொழி கற்பிக்க நினைக்கும் தாய்மார் பலர் அடுப்படியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

2025 டிசம்பரில் யுனெஸ்கோ கூட்டம் நம் டெல்லியில் நடந்தது. நம் தீபாவளியோடு இத்தாலியின் சமையலும் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அங்கேதான் சேர்ந்தது. வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைக்குக் கிடைத்த மரியாதை அது.

ஆகவே சகோதரிகளே, "எனக்கென்ன தெரியும்" என்று இனிச் சொல்ல வேண்டாம். உங்கள் கையிலும் ஒரு பாடப் புத்தகம் இருக்கிறது.

குழுவில் கலந்து பேச:

1. நோன்னா மாவு பிசையும்போது பிள்ளை என்னென்ன கற்றுக்கொள்கிறது? எண்ணிச் சொல்லுங்கள்.

2. அடுப்படிக்கு வரும் மகனையும் மகளையும் நாம் ஒரே மாதிரி கூப்பிடுகிறோமா?

3. உங்கள் பாட்டி சொன்ன, இப்போது யாரும் சொல்லாத சமையல் சொல் ஒன்றைச் சொல்லுங்கள். அதை இந்த வாரமே பிள்ளைகளிடம் சொல்லிச் சமையுங்கள்.