உறங்காக் கடிகாரம்

நுழையும்முன்

ஒரு நாளை 60 நாழிகைகளாகவும் ஒரு நாழிகையை 24 நிமிடங்களாகவும் பகுத்து வாழ்ந்தவர் தமிழர். பாசறையில் நீர்க்கன்னலால் பொழுதளந்து அறிவித்தோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. கன்னலைக் காப்பவர் உறங்கினால் கணக்குப் பிழைபடும். மின்சாரம் நிறுத்தப்பட்ட கணினியில் பொழுதைக் கணக்கிடுவது எது?

சங்ககாலச் சோழரின் தலைநகராய் விளங்கிய உறையூரில், பள்ளியொன்றின் பழைய கணினியைக் கோடை விடுமுறைக்குப்பின் இயக்குவதாகக் கொள்வோம். திரையில் பல்லாண்டுகளுக்கு முந்தைய நாள் தோன்றுகிறது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முயன்றால் இணையதளம் திறக்க மறுக்கிறது. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்த மின்னணுச் சான்றிதழை உடையது. கணினி காட்டும் நாள் அவ்வெல்லைக்கு வெளியே இருப்பின், உலாவி அச்சான்றிதழை ஏற்பதில்லை. சிறு கடிகாரப் பிழை ஒரு மாணவரின் விண்ணப்பத்தையே தடுத்துவிடலாம்.

படிகமும் மின்கலமும்

தாய்ப்பலகையில் உள்ள குவார்ட்சுப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைத் தொடர்ந்து 15 முறை இரண்டால் வகுத்தால் ஒன்று கிடைக்கும். மின்சுற்று இவ்வாறு வகுத்தே ஒரு நொடியை அறிகிறது. கணினி அணைந்திருக்கும்போது இச்சுற்றுக்கு ஆற்றல் அளிப்பது நாணய வடிவிலான 3 வோல்ட் லித்தியம் மின்கலம். மேசைக்கணினிகள் பெரும்பாலானவற்றில் 20 மி.மீ. விட்டமுள்ள சிஆர் 2032 வகை மின்கலமே பயன்படுகிறது.

நோய்முதல் நாடல்

பழுதை நீக்குமுன் அதன் இயல்பை அறிதல் வேண்டும். அணைத்து இயக்கும்போதெல்லாம் பழைய நாளுக்குத் திரும்பினால், மின்கலம் வலுவிழந்திருக்கக்கூடும். சரியாக ஐந்தரை மணி நேரம் வேறுபட்டால், மின்கலத்தைக் குறைகூறுதல் பொருந்தாது. இந்திய நேரம் உலகப் பொதுநேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது. எனவே நேர மண்டல அமைப்பை ஆராய வேண்டும். ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டும் இருப்பினும் இவ்வேறுபாடு நேரலாம். வன்பொருள் கடிகாரத்தை முன்னது உள்ளூர் நேரமாகவும் பின்னது பொதுநேரமாகவும் கொள்வதே காரணம்.

மின்கலத்தை மாற்ற, கணினியை அணைத்து மின்இணைப்பைத் துண்டித்தல் முதற்பணி. பழைய மின்கலம் இருந்த திசையை நோக்கி, அதே வகையைப் பொருத்துதல் அடுத்தது. பின்னர் நாளையும் நேரத்தையும் திருத்தி, சில மணி நேரம் மின்இணைப்பின்றி வைத்து மீண்டும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். நேரம் நிலைத்திருந்தால் பழுது நீங்கிற்று எனத் தெளியலாம்.

தெரிந்து தெளிவோம்

நாணய மின்கலத்தைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே கேடு நேரும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. பயன்படுத்திய மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவாக ஒப்படைக்க.