நீர்க்கடுப்பு இல்லாத நீர்த் தொற்று

கர்ப்பவதியின் சிறுநீரைச் சோதிப்பது என்றவுடன், ஆல்புமினும் சர்க்கரையும் அதில் உள்ளனவா என்று பார்ப்பதே பெரும்பாலோர் நினைவிற்கு வரும். அவை இன்றியமையாத சோதனைகளே. ஆயினும், சிறுநீரில் நோய்க் கிருமிகள் குடியேறியுள்ளனவா என்பதை அவற்றால் அறிய இயலாது.

கிருமிகள் இருந்தால் நீர்க்கடுப்பு தோன்றுமே என்று கேட்கலாம். எப்பொழுதும் தோன்றுவதில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள். கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை எவ்விதத் தொல்லையுமின்றிச் சிறுநீரில் கிருமிகளைத் தாங்கியிருக்கின்றனர். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவரான எட்வர்டு காஸ் 1950-களில் இதை ஆராய்ந்தார். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரு லட்சம் கிருமிகளோ அதற்கு மேலோ இருப்பின் அது உண்மையான தொற்று என்னும் அளவுகோல் அவர் ஆராய்ச்சியால் நிலைபெற்றது. சிகிச்சை பெறாத இத்தகையோருள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை பின்னர்ச் சிறுநீரக அழற்சிக்கு ஆளாவதாகப் பழைய ஆய்வுகள் காட்டின. நெதர்லாந்தில் 2015-இல் வெளியான ஆய்வில், நலமுள்ள பெண்களிடையே இவ்விகிதம் நூற்றுக்கு மூன்றினும் குறைவாகவே இருந்தது. எனினும் சிறுநீரக அழற்சி குறைப் பிரசவத்திற்கும் தாயின் உயிருக்கும் கேடு விளைக்கக் கூடியதாதலால், சோதனையைக் கைவிடுவதற்கு இது காரணமாகாது.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுவதால், சிறுநீரகத்திலிருந்து நீர்ப்பைக்குச் செல்லும் குழாய்களின் தசைகள் தளர்கின்றன. வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது; அது பெரும்பாலும் வலப்புறம் சாய்வதால் வலக் குழாயே மிகுதியாக விரிகிறது. நீர் தேங்குகிறது, தேங்கிய நீரில் கிருமிகள் மேலேறுகின்றன. இவற்றுள் பெரும்பான்மையானது குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பாக்டீரியா ஆகும்.

களப் பணியாளர் தனிக் கவனம் செலுத்த வேண்டியது மாதிரி எடுக்கும் முறையிலேயாம். சோதனைச் சாலை எவ்வளவு சிறந்ததாயினும், கழுவிய மருந்துப் புட்டியில் வந்த சிறுநீரைக் கொண்டு அது ஒன்றும் கூற முடியாது. கிருமி நீக்கிய புட்டியே வேண்டும். முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, இடையில் வருவதைப் பிடிக்குமாறு பெண்ணுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். கூச்சத்தால் பலர் ஐயம் கேட்கமாட்டார்கள். ஈ. கோலி ஏற்ற வெப்பத்தில் ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்க வல்லது. காலையில் சில ஆயிரமாக இருந்தவை வெயிலில் காத்திருந்து பிற்பகலில் லட்சத்தைத் தாண்டிவிடலாம். நோயற்றவளுக்கு மருந்து கொடுக்க நேரிடும். இரண்டு மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்க இயலாவிடில் மாதிரியைக் குளிரில் வைத்தல் வேண்டும். ஆனால் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியில் அதனை ஒருபோதும் வைக்கலாகாது.

கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வசதியில்லாத இடங்களில், தோய்க்கும் பட்டையைவிடக் கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதையே உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. தொற்று உறுதியானால் ஏழு நாள் சிகிச்சை என்பதும் அதன் பரிந்துரை. மருந்தைத் தேர்வது மருத்துவர் பொறுப்பு. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை உண்பது தீது. எடுத்துக்காட்டாக, டெட்ராசைக்ளின் சிசுவின் பற்களைக் கறைப்படுத்தும்.

கழிப்பிடம் இல்லாமையால் நாள் முழுதும் தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை அடக்கும் பழக்கம் பெண்களிடையே உண்டு. பள்ளி ஆசிரியைகளும் இதற்கு விலக்கல்லர். தாய்மார்களிடம் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆசிரியைகளைவிடத் தகுந்தவர் அரியர். நீர்க்கடுப்பை உடற்சூடு என்று கருதி மோரும் இளநீரும் பருகி நாள் கடத்துவோரும் உளர். அவை பருகுவதில் தவறில்லை. சோதனையைத் தள்ளிப்போடுவதே தவறு.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவின் பின்புறம் வலி, வாந்தி ஆகியவை கண்ட கர்ப்பிணியை அன்றைய தினமே மருத்துவமனைக்கு அனுப்புக. சிகிச்சை முடிந்தவர்க்கும் தொற்று திரும்புவதுண்டு. ஆகையால் மருந்து முடிந்தபின் மீண்டும் சிறுநீர்ச் சோதனை செய்வதற்குரிய தேதியை அவரது அட்டையிலேயே குறித்துக் கொடுத்தல் நலம்.