தூணும் சொல்லும்: இரணியன் கதையும் அசைவூட்டப் படமும்

தோற்றுவாய்

தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனை எண்ணுமிடத்துத் ‘தொன்மை’ என்பதனையும் ஒன்றாக வைத்தார். பழங்கதையைப் பொருளாகக் கொண்டு எழும் செய்யுளை உரையாசிரியர்கள் அதனுள் அடக்குவர். அச்சொல்லை அடியொற்றியே இக்காலத் திறனாய்வாளர் ‘தொன்மம்’ என்னும் கலைச்சொல்லை ஆக்கிக்கொண்டனர். ஏட்டிலும் கூத்திலும் வாழ்ந்த தொன்மம் மேடை நாடகத்துக்கும், பின்னர்த் திரைக்கும் வந்தது. இன்று கணிப்பொறியால் வரையப்படும் அசைவூட்டப் படத்திலும் குடியேறியிருக்கின்றது. இவ்வாறு இடம் பெயரும்போது கதையில் எது வந்து சேர்கின்றது, எது விடுபடுகின்றது என்பதனை ஒரே ஒரு கதையைக் கொண்டு நோக்குவதே நம் கருத்து.

அக்கதையை நமக்குத் தேர்ந்து தந்தவர் மாணவரே. கம்பராமாயணத்து இரணியன் வதைப் படலத்தை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது, பாரூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, ஹோலிகா எப்போது வருவாள்?” என்று கேட்டார். கம்பரில் ஹோலிகை இல்லை என்றோம். வகுப்பே நம்மை ஐயத்துடன் நோக்கிற்று. கம்பர் எதையோ விட்டுவிட்டார், அல்லது நாம் விட்டுவிட்டோம் என்பது அவர்தம் எண்ணம். அவர்களுள் பெரும்பாலோர் 2025 ஜூலை 25 அன்று வெளியான ‘மகாவதார் நரசிம்மா’ படத்தைப் பார்த்திருந்தனர்.

படம் வந்த வழி

அசுவின் குமார் இயக்கிய அப்படத்தைப் பெங்களூரைச் சேர்ந்த ஹொம்பாளே நிறுவனம் வழங்கிற்று. இந்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ், மலையாளம் என ஐந்து மொழிகளில் வெளிவந்தது. ஓசூரை அடுத்த நம் எல்லைப் பகுதியில் வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வாழ்வோர் பலர். அவர்களுக்கு இஃது ஒரு புதுமையன்று. படம் 300 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியதாக வணிக ஏடுகள் கணக்கிட்டன. இந்திய அசைவூட்டப் படம் எதுவும் அதற்குமுன் அந்த அளவை எட்டியதில்லை.

இதற்கு முன்னோடிகள் உண்டு. சப்பானியரான யூகோ சாக்கோவும் நம் நாட்டு ராம் மோகனும் இணைந்து உருவாக்கிய இராமாயணப் படம் 1992இல் முடிவுற்றது. 2025 ஜனவரியில் அது தமிழ்க் குரலுடனும் திரையரங்குகளுக்கு வந்தது. 2005இல் ‘அனுமான்’ வந்தது. இந்திய அசைவூட்டக் கலை வெற்றி கண்ட இடமெல்லாம் பெரும்பாலும் தொன்மத்தின் தோளிலேறித்தான் கண்டிருக்கின்றது.

ஹோலிகைக்கு வருவோம். இரணியனின் தங்கையான அவள் பிரகலாதனை மடியில் வைத்துத் தீயில் அமர்ந்து தானே எரிந்தாள் என்பது வடநாட்டு ஹோலி விழாவோடு ஒட்டி வளர்ந்த கதை. விஷ்ணு புராணமும் நரசிம்ம புராணமும் பாகவதமும் படத்துக்கு அடிப்படை எனினும், நாடு முழுவதற்கும் கதை சொல்ல முனைவோர் விழாக் கதையை விடுவதில்லை. தவறென்று சொல்வதற்கில்லை. தொன்மத்தின் இயல்பே அது. மேலைநாட்டார் செய்த மாற்றம் இதனினும் பெரிது. கிரேக்கக் கதையில் எர்க்குலிசைத் தொட்டிலிலேயே கொல்லப் பாம்புகளை ஏவியவள் மாற்றாந்தாய் ஈரா. 1997இல் வந்த டிஸ்னி படத்தில் அவளே பெற்ற தாயாகி அன்பு பொழிகின்றாள். பாதாளத் தெய்வமான ஏடிசு பகைவனாகின்றான். குடும்பத்தோடு காணும் படத்தில் குடும்பப் பகை கூடாது போலும்!

வரம் என்னும் பூட்டு

இரணியன் கதை அசைவூட்டப் படத்துக்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றது? அதன் கதைப்பின்னலே ஒரு பூட்டும் திறவுகோலும் ஆகும். மனிதராலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளும் புறமும், மண்ணிலும் விண்ணிலும், படைக்கலத்தாலும் சாவு கூடாது என்பது வரம். ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவை அடைக்கின்றது. அடைபட்ட கதவுகளுக்கிடையே மாலைப்பொழுது, வாயிற்படி, மடி, நகம், மடங்கல் முகம் கொண்ட மனித உடல் என இடுக்கு ஒன்று தோன்றுகின்றது. இரண்டுமாகி இரண்டுமல்லாத அந்த உருவத்தை நடிகரின் உடலில் காட்டுவது அரிது. 1939இல் வந்த தமிழ்ப் ‘பிரகலாதா’வும், எசு.வி. ரங்காராவ் இரணியனாகத் தோன்றிய ஏ.வி.எம்.மின் 1967 ஆம் ஆண்டுப் படமும் அவ்விடத்தில் ஒப்பனையை நம்பியே நின்றன. தஞ்சை மெலட்டூர்ப் பாகவத மேளத்தில் நரசிம்ம முகமூடி வழிபடப்படுகின்றது. அதை அணிபவர் நோன்பிருந்தே அணிகின்றார். அங்கு ஒப்பனையின் குறையை நம்பிக்கை நிரப்புகின்றது. வரைகலைக்கு அந்த இடர்ப்பாடில்லை. தூண் வெடிப்பதை அது வேண்டியவாறு காட்டும்.

கம்பர் சேர்த்தவை

ஆனால் கம்பரின் தூண் வேறு. வான்மீகத்தில் இல்லாத இப்படலத்தைக் கம்பர் யுத்த காண்டத்தில் வீடணன் வாயில் வைத்தார். அழியப்போகும் அண்ணனுக்குத் தம்பி சொல்லும் எச்சரிக்கையாக அது அமைகின்றது. கேட்பவன் இராவணன் என்பதனை மறந்து படித்தால் படலத்தின் பாதிச்சுவை போய்விடும்.

‘தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்’ என்பது சமயம் கடந்து தமிழர் அனைவர் நாவிலும் வழங்கும் பழமொழி. கம்பரின் பிரகலாதன் அதனோடு நிற்கவில்லை. இறைவன் சாணளவிலும், அணுவின் நூறாம் கூற்றிலும், மேருவிலும், எதிரே நிற்கும் தூணிலும் உள்ளான் என்று அடுக்கிவந்து, தந்தையே, நீர் இப்போது சொன்ன சொல்லிலும் உள்ளான் என்று முடிக்கின்றான். மறுப்பவனது மறுப்பினுள்ளும் மறுக்கப்படுவோன் இருக்கின்றான் என்பதே அதன் கருத்து. தூணை வரைந்துவிடலாம், பிளந்தும் காட்டலாம். சொல்லினுள் இருப்பதை எந்தத் தூரிகை வரையும்? படத்தைப் பார்த்த மாணவர் நினைவில் தூணும் அதன்பின் எழுந்த போரும் நின்றன. தந்தையும் மகனும் என்ன பேசினர் என்று கேட்டதற்கு விடையில்லை.

மகன் மறுக்கின்றான், ஆயினும் இகழவில்லை. இவ்விடத்தில் நமக்கு நபி இப்ராகீம் அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் சிலை வணங்கும் தந்தையை ‘என் தந்தையே’ என மீண்டும் மீண்டும் கனிவோடு அழைத்தே அவர் வாதிடுகின்றார். கல்லெறிவேன் என்று மிரட்டிய தந்தைக்கும் சாந்தி கூறி, மன்னிப்பு வேண்டுவதாகச் சொல்லிப் பிரிகின்றார். அவரை இட்ட நெருப்பும் இறை ஆணையால் குளிர்ந்தது. இரு கதைகளின் இறைக்கோட்பாடு வேறு. அதனை ஒன்றாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. தந்தையை மறுக்க நேர்ந்த மகனின் மொழி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் ஒன்றிலேதான் இரண்டும் அருகருகே நிற்கின்றன. உமறுப்புலவர் முதல் நீதிபதி மு.மு. இஸ்மாயில் வரை இசுலாமியத் தமிழர் கம்பரை நெருங்கிக் கற்றதற்கு இத்தகைய இடங்களும் காரணமாகலாம்.

இரணியனையும் கம்பர் சிறுமைப்படுத்தவில்லை. நரசிங்கம் எதிர்வந்த பின்னும், இப்போதாவது வணங்குக என மகன் வேண்டும்போது, இந்தச் சிங்கத்தின் தோளையும் தாளையும் வெட்டி, உன்னையும் வெட்டியபின் என் வாளைத்தான் வணங்குவேன் என்று மறுக்கின்றான். தோற்பவனுக்கு இத்துணைப் பெருமிதம் தந்த கவிஞர் சிலரே. 1934இல் பெரியார் தலைமையில் அரங்கேறிய பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ கதையை முற்றிலும் தலைகீழாக்கிற்று. அந்தத் தலைகீழாக்கத்துக்கு வேண்டிய வீரம் கம்பரிடமே வித்தாகக் கிடந்தது எனலாம். கம்பரின் பக்தர் இதனை ஏற்கமாட்டார். பாவேந்தரின் அன்பரும் ஏற்கமாட்டார்.

படுகளம்

படலம் முடிந்த நாளில் அதே பாரூர் மாணவர் மீண்டும் எழுந்தார். தம் பக்கத்துப் பாரதக் கூத்தில் பதினெட்டாம் போருக்கு மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைப்பார்கள் என்றும், அவன் விழுந்தபின் ஒப்பாரி வைப்பார்கள் என்றும், ஊரார் அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள் என்றும் கூறி, “இரணியனுக்கு யார் அழுதார்கள் ஐயா?” என்றார்.

பாகவதத்தில் பிரகலாதன் தந்தை தூய்மை பெற வேண்டி, ஈமக்கடனும் செய்கின்றான் என்றோம். கம்பரில் என்று கேட்டார். நூலைத் திறந்தோம். தந்தையை உன் கண்முன் கொன்றும் உன் சிந்தை தளரவில்லையே என்று நரசிங்கமே வியக்கும் இடம் அது. அடுத்து வரம் கேட்கச் சொன்னபோது, எலும்பில்லாத இழிந்த புழுவாய்ப் பிறந்தாலும் உன்பால் அன்பு வேண்டும் என்பதையே அச்சிறுவன் கேட்கின்றான்.

மாணவர் அப்பாடலைத் தாமே இருமுறை படித்தார். “தளரவில்லை என்றுதான் இருக்கிறது, அழவில்லை என்று இல்லையே ஐயா” என்றார். மணி அடித்தது. மறுநாளும் அந்தப் பாடலையே நடத்தினோம்.